கூகுள் ஃபைல்ஸா, மெட்டீரியல் ஃபைல்ஸா?

'சேமிப்பகம் நிரம்பிவிட்டது' என்று போன் தினமும் நச்சரிக்கத் தொடங்கியதும், போனில் உள்ள ஃபைல்களைப் பார்க்கவும் அழிக்கவும் உதவும் இந்த இரண்டு ஆப்களையும் போட்டுப் பார்த்தேன். கடைசியில் மெட்டீரியல் ஃபைல்ஸிலேயே தங்கிவிட்டேன். இரண்டும் இலவசம், இரண்டிலும் விளம்பரத் தொல்லை இல்லை. நகலெடுப்பது, பெயர் மாற்றுவது, ஜிப் பிரிப்பது எல்லாம் இதிலும் நடக்கும், அதிலும் நடக்கும்.

என்னை முடிவெடுக்க வைத்தது ஒரே விஷயம்: ஃபைல் எங்கே கிடக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிகிறதா?

கூகுள் ஃபைல்ஸைத் திறந்ததும் படங்கள், வீடியோக்கள், ஆவணங்கள் என்று வகை பிரித்து வைத்திருக்கும். நாலு ஃபோல்டரில் கிடப்பதெல்லாம் ஒரே குவியலாக வரும். மெட்டீரியல் ஃபைல்ஸில் குவியல் கிடையாது. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக நுழைய வேண்டும். வந்த வழி முழுவதும் மேலே வரிசையாகத் தெரியும், எதைத் தொட்டாலும் அங்கே திரும்பிப் போகலாம்.

இதன் அருமை வாட்ஸ்அப்பில் புரிந்தது. ஒரு நீள வீடியோவை அனுப்பிவிட்டுக் கேலரியில் அழித்தேன். இடம் எதிர்பார்த்த அளவுக்குக் கூடவில்லை. ஆண்ட்ராய்டு, மீடியா என்று ஒவ்வொன்றாக நுழைந்து வாட்ஸ்அப் வீடியோ ஃபோல்டருக்குப் போனால், உள்ளே 'சென்ட்' என்று இன்னொன்று. அனுப்பியதற்கெல்லாம் அங்கே தனிப் பிரதி! மறை ஃபைல்களைக் காட்டச் சொன்னதும் காரணமும் சிக்கியது: புள்ளியில் தொடங்கும் 'நோமீடியா' என்ற காலி ஃபைல். அது இருக்கும் ஃபோல்டரைக் கேலரி எட்டிப் பார்க்காது. அளவு வாரியாக அடுக்கி, பெரியதிலிருந்து அழித்துக்கொண்டே வந்தேன். கூகுளிலும் கீழே உருட்டி 'உள் சேமிப்பகம்' வழியாக இதே இடத்துக்குப் போகலாம்தான். ஆனால் குவியலே முன்னால் நிற்கும்போது யார் கீழே உருட்டப் போகிறார்கள்?

அழிப்பதில் மட்டும் கூகுள்தான் கெட்டி. அழித்தவை 30 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும். மெட்டீரியலில் தொட்டியே இல்லை, போனது போனதுதான். அதனால் 'அப்புறம் அழி' என்று நானே ஒரு ஃபோல்டர் வைத்து, ஒரு வாரம் ஊறப்போட்டு அழிக்கிறேன். இந்தப் பொறுமை இல்லாதவர்கள் கூகுளோடு இருப்பதே நல்லது.

வைஃபை வழியாகக் கணினியின் பகிர்ந்த ஃபோல்டரை மெட்டீரியலிலேயே திறக்கலாம். சின்னச் சின்ன ஃபைல்களுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. பெரியவற்றை நான் கேபிளில்தான் மாற்றுகிறேன், அதனால் வேகம் பற்றி வாக்குக் கொடுக்க மாட்டேன்.

கூகுளின் பூட்டிய 'பாதுகாப்பான ஃபோல்டர்' எனக்குத் தேவைப்படவில்லை. தேவைப்படுபவர்கள் பின் எண்ணை எங்காவது எழுதி வையுங்கள். மறந்தால் உள்ளே இருப்பதைத் திரும்ப எடுக்க முடியாது.