பிரிபொசிஷன்ல தடுமாறுறவங்களுக்கு: மர்ஃபியோட நீல அட்டை கிராமர் புக்

ரேமண்ட் மர்ஃபியோட இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ், கேம்பிரிட்ஜ் 1985ல முதல்ல போட்டது, இப்ப 2019ல வந்த அஞ்சாவது பதிப்பு கிடைக்குது. மொத்தம் 145 பாடம். நான் சொல்லப்போறது 121ல இருந்து 136 வரைக்கும் வர்ற பிரிபொசிஷன் பாடங்களைப் பத்தித்தான், ஏன்னா நான் டியூஷன் எடுக்குறேன், பசங்க அதிகமா சறுக்குற இடம் இதுதான். வீட்டுல, பஸ்ல, செவுத்துல, காலைலன்னு நமக்கு எல்லாத்துக்கும் ஒரே 'ல' போதும், அங்க இன், ஆன், அட்னு மூணு வந்து நிக்குது, குத்துமதிப்பா ஒண்ண போட்டுட்டு வந்துடுறாங்க.

நிறைய கைடுல நீளமா ஒரு லிஸ்ட் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்லிடுவாங்க. இதுல இடது பக்கம் விளக்கம், வலது பக்கம் பயிற்சி, ஒரு பாடம் ரெண்டே பக்கத்துல முடிஞ்சிடும். குழப்புற ரெண்டையும் ஒண்ணா வெச்சே சொல்லித்தர்றாரு. ஆன் டைம்னா சொன்ன நேரத்துக்கு டாண்ணு, இன் டைம்னா லேட் ஆயிடாம அதுக்கு முன்னாடியே. டிஸ்கஸ் அபவுட்னு நம்ம ஊர்ல பாதிப் பேர் பேசுறோம்ல, டிஸ்கஸ்க்கு அப்புறம் பிரிபொசிஷனே வராதுன்னு அதையும் சொல்லியிருக்காரு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த வரிசைக்கு ஒரு பாடம் முன்னாடி வர்ற 120வது பாடம், பை, அன்டில் ரெண்டும் அதுலதான் வருது. 'ஐ வில் ஃபினிஷ் இட் அன்டில் ஃப்ரைடே'ன்னு பசங்க எழுதிட்டு வருவாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுவேன்னா பை, வெள்ளிக்கிழமை வரைக்கும் இங்கதான் இருப்பேன்னா அன்டில், இதை மட்டும் நீங்க தமிழ்ல சொல்லிக் கொடுத்துட்டு பயிற்சிய போடச் சொல்லுங்க, சட்டுனு பிடிச்சுக்குவாங்க.

குறைன்னா, ஏன்னு கேட்டா பல இடத்துல பதில் இருக்காது. ஆன் எ பஸ், ஆனா இன் எ கார்னு சொல்லுவாரு, காரணம் சொல்லமாட்டாரு. உள்ள எழுந்து நடக்க முடிஞ்சா ஆன், உக்காந்தே போகணும்னா இன்னு நான் சொல்லிக்கொடுக்குறேன், பெரும்பாலும் சரியா வருது. அப்புறம் இது பிரிட்டிஷ் இங்கிலீஷ், அட் த வீக்கெண்ட்னுதான் பழக்கும், அமெரிக்காக்காரங்க ஆன் த வீக்கெண்ட்னு சொல்லுவாங்க, ரெண்டும் சரிதான்னு பசங்ககிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க. விளக்கம் முழுக்க இங்கிலீஷ்லயே இருக்குறதால, எழுத்துக்கூட்டிப் படிக்கிற நிலைமைல இருக்குறவங்களுக்கு இது வேண்டாம், அதே ஆளோட செவப்பு அட்டை எசென்ஷியல் கிராமர் இன் யூஸ்தான் சரிப்படும்.

வாங்கும்போது அட்டைல வித் ஆன்சர்ஸ்னு போட்டிருக்கான்னு பாத்துக்கோங்க, விடை இல்லாத பதிப்பும் தனியா விக்குது, வாத்தியார் இல்லாம வீட்டுல தானா படிக்கிறவங்களுக்கு அது உதவாது.