சவ்வூடு பரவலா, சோடியம் பம்ப்பா?

செல் சவ்வைத் தாண்ட நீருக்கு ஆற்றல் செலவே இல்லை. உப்புச் செறிவு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தானாகவே போகும். இதுதான் சவ்வூடு பரவல். அக்வாபோரின் என்ற புரதக் குழாய் ஒன்றில் நொடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் பாயும். வேகம் சரி, ஆனால் எதிர்த்திசையில் ஏற்ற முடியாது. சிவப்பணுவை வெறும் தண்ணீரில் போட்டால் உப்பி வெடித்துவிடும், 0.9 சதவீத உப்புநீரில் அப்படியே இருக்கும்.

செல் சவ்விலேயே இருக்கும் புரதமான சோடியம்-பொட்டாசியம் பம்ப் வேறு ரகம். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி ஒன்றைச் செலவழித்து 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும். மெதுவான வேலைதான். ஆனாலும் எனக்குப் பெரிதாகப் படுவது இதுவே. பக்கவாதத்தில் ஆக்சிஜன் கிடைக்காமல், ஏடிபி தீர்ந்து பம்ப் நின்றால் சோடியம் உள்ளே தேங்கும். அதன் பின்னாலேயே நீரும் புகுந்து மூளை செல்கள் வீங்கிவிடும்.