பழைய ஹைலக்ஸுக்குக் கூடுதல் முன்விளக்கு: ஹேலஜன் சோடியா, எல்இடி பட்டையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு (தொழிலாளர்களின் காலை ஆள்கணக்குக்கு) கிளம்புகிறவர்கள் சிலரிடம் 1990களின் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. செம்பனை மட்டைகள் இருபுறமும் கவிந்திருக்கும் செம்மண் பாதைக்கு அதன் முன்விளக்கு போதாது என்பது உண்மையே. அதற்காகப் பலர் கூரையில் நீண்ட எல்இடி பட்டையை ஏற்றி, வண்டியைத் தைப்பூச ரதம் போல ஆக்கிவிடுகிறார்கள். நானும் அந்தப் பட்டையில்தான் தொடங்கினேன். இப்போது அது கூரையில் இல்லை.

எதையும் புதிதாக வாங்குவதற்கு முன் ஒரு வோல்ட்மீட்டரை எடுத்துப் பார்ப்பது நல்லது. எஞ்சின் ஓடும்போது என் பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்தது. ஆனால் மெல்லிய பழைய வயர்களையும் தேய்ந்த சுவிட்சையும் கடந்து பல்புக்குக் கிடைத்ததோ 12.4 வோல்ட்தான். ஹேலஜன் பல்பில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் ஒளி ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைந்துவிடும். ஆகவே தடித்த வயரும் ரிலேயும் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) போட்டு, முன்விளக்கிலுள்ள அதே எச்4 பல்புகளுக்குப் (டிம்மும் ஹைபீமும் ஒன்றாக உள்ளவை) பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுப்பதே மிக மலிவான 'கூடுதல் விளக்கு'. பலருக்கு இதுவே போதும்.

அதற்கு மேலும் வெளிச்சம் வேண்டுமென்றால், பம்பரில் 55 வாட் ஹேலஜன் சோடி ஒன்றைப் பொருத்தலாம். இரண்டும் சேர்ந்து ஒன்பது ஆம்பியர் அளவே இழுப்பதால், நல்ல நிலையிலுள்ள பழைய ஆல்டர்னேட்டர் (எஞ்சினால் சுழன்று மின்சாரம் தருவது) அதைத் தாங்கிக்கொள்ளும். மழையிலும் காலைப் பனிமூட்டத்திலும், தாழ்வாக வைத்த மஞ்சள் விளக்கு கண்ணை உறுத்துவதில்லை. பல்பு போனால் பட்டணத்து உதிரிபாகக் கடையிலேயே கிடைக்கும். ஆனால் குழியில் குதித்துக் குதித்து இழை அறுந்துபோவதும், கல் தெறித்துக் கண்ணாடி உடைவதும் இதற்கு வாடிக்கை.

எல்இடியில் அறுந்துபோக இழையே இல்லை. அதே வெளிச்சத்துக்கு இழுக்கும் மின்சாரமும் குறைவு. கணக்கில் அதுவே வெல்கிறது, ஆனால் கூரையில் ஏறியதும் கணக்கு மாறுகிறது. அதன் ஒளி பானட்டில் (எஞ்சின் மூடியில்) பட்டுக் கண்ணிலேயே திரும்புகிறது. பனிமூட்டத்தில் முன்னால் வெள்ளைச் சுவர் எழுந்தது போலாகிறது. தாழ்ந்த மட்டைகள் பட்டையில் மாட்டிக்கொள்கின்றன. மலிவான பட்டைகள் வாக்கிடாக்கியில் இரைச்சலையும் கிளப்பும், உள்ளே நீர் புகுந்தால் முழுதையும் தூக்கி எறிய வேண்டியதுதான். பொதுச் சாலையில் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்தால் ஜேபிஜேயின் (சாலைப் போக்குவரத்துத் துறையின்) அபராதமும் உண்டு. பம்பரில் வைக்கும் சிறிய எல்இடி சோடியில் இந்தக் குறைகளில் பாதி இல்லை. தோட்டத்துக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு அதைத் தாராளமாகச் சொல்வேன். காலையில் பனியையும் பட்டணத்துச் சாலையையும் சேர்த்துக் கடக்கும் என் போன்றவருக்கு ரிலேயும் மஞ்சள் ஹேலஜனுமே பொருத்தம்.

எந்த விளக்கானாலும் வயரிங்கில் ஓர் இடத்தில் ஏமாறக்கூடாது. இந்தப் பழைய ஹைலக்ஸில் சுவிட்ச் வெட்டுவது பாசிட்டிவ் பக்கத்தை அன்று, எர்த் பக்கத்தை. அது தெரியாமல் வழக்கமான முறையில் ரிலேயை இணைத்துக் கொடுத்ததால், முதல் நாள் டிம் போட்டபோது கூடுதல் விளக்கு எரிந்தது, ஹைபீம் போட்டதும் அணைந்தது. ரிலே சுருளின் ஒரு முனையை பாடியில் எர்த் செய்யாமல், எச்4 சாக்கெட்டின் பொதுப் பாசிட்டிவிலும் மறு முனையை ஹைபீம் பின்னிலும் கொடுத்த பிறகே சரியானது. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் பியூஸும், டாஷ்போர்டில் தனிச் சுவிட்சும் இருக்கட்டும். எதிரே லாரி வரும்போது டிம் செய்தால் கூடுதல் விளக்கும் கூடவே அணைந்துவிடும்.