ஒரே கூரையா, ஐந்து அடுப்பா? ஊரடங்கில் பலகார வேலை

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. மாலை ஆறு மணிக்கு மாநில அரசின் 144 தடை தொடங்கியது. எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் வந்து, நள்ளிரவு முதல் 21 நாள் என்றார். அந்த நேரத்தில் செட்டிநாட்டுக் கோட்டையூரில், கல்யாணப் பலகாரம் சுட நான் வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டின் இரண்டாம் கட்டில் (உள்பகுதியில்) 40 கிலோ உளுந்து வறுத்துப் பரப்பிக் கிடந்தது. பங்குனிக் கடைசியில் இரண்டு கல்யாணம், சித்திரையில் மூன்று. ஐந்தும் தள்ளிப்போய்விட்டதாக மறுநாள் மதியத்துக்குள் தகவல் வந்துவிட்டது. வறுத்த உளுந்தை யார் தள்ளிப்போடுவது?

தேவகோட்டையில் புதிதாகப் பலகாரத் தொழில் தொடங்கியிருக்கும் என் அக்காள் மகள் போன மாதம் வந்திருந்தாள். “மறுபடி அப்படி ஒன்று வந்தால் என்ன செய்வது சித்தி? ஆட்களை வீட்டோடு தங்கவைத்துக்கொள்வதா, வேலையை அவர்கள் வீட்டுக்கே கொடுத்துவிடுவதா?” என்று கேட்டாள். இரண்டையும் செய்து பார்த்தவள் நான். வீட்டுக்குக் கொடு, ஆனால் எண்ணெயை மட்டும் உன் கையில் வைத்துக்கொள் என்றேன். அவளுக்கு அது பாதிதான் புரிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

கடையைப் பூட்டிவிட்டு உட்காருவது என்று மூன்றாவது வழியும் உண்டு. அடுத்த தெருவில் ஒருவர் அதைத்தான் செய்தார். தவறு என்று சொல்லமாட்டேன். வங்கிக் கடனுக்கு மார்ச் முதல் ஆகஸ்ட் முடியத் தவணை கட்டாமல் இருக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்திருந்தது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஆட்களுக்கு முன்பணம் கொடுத்து அனுப்பினால், அந்தப் பணம் அடுத்த தீபாவளி வரை இரு பக்கமும் கழுத்தில் தொங்கும். முன்பணம் வாங்கியவர்களில் பாதிப் பேர் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த ஆண்டு அதற்கு அறிவித்த நாள் கூலி 256 ரூபாய். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கையில் சேமிப்பு இருப்பவர்களுக்கு மட்டுமே சரிப்படும் வழி அது. என்னிடம் இருந்தது உளுந்து.

முதலில் நான் போனது ஒரே கூரை வழிக்கு. செட்டிநாட்டில் வீட்டுக்குப் பஞ்சமில்லை. முகப்பில் நுழைந்தால் வளவு என்கிற நடு முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நடந்து பின் தெருவில் வெளியே வரலாம். வீட்டுக்கார ஆச்சி சென்னையில் இருக்கிறார். தொலைபேசியில் கேட்டதும், வளவைச் சுற்றியுள்ள அறைகளைத் திறந்துகொள்ளச் சொல்லிவிட்டார். என்னிடம் வேலை செய்த ஒன்பது பேரில் இருவர் அரிமளம் பக்கம். அது புதுக்கோட்டை மாவட்டம். நாங்கள் இருப்பது சிவகங்கை மாவட்டம். செட்டிநாடு என்று பேச்சில் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். மாவட்ட எல்லையில் தடுப்பு வந்தபோதுதான் அது இரண்டு என்று உறைத்தது. கல்யாணம், சாவு, அவசர மருத்துவம் தவிர வேறு எதற்கும் அனுமதிச் சீட்டு இல்லை. இன்னொருத்தியை வீட்டில் விடவில்லை. மீதி ஆறு பேர், என்னோடு ஏழு, ஒருத்தியின் நான்கு வயது மகளையும் சேர்த்தால் எட்டு.

அந்த ஏற்பாட்டின் நல்ல பக்கத்தைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஒரே வாணலி, ஒரே எண்ணெய், என் கண் முன்னால் வேலை. விடிகாலை நான்கு மணிக்கு அடுப்புப் பற்றவைத்தால் வெயில் ஏறுவதற்குள் தேன்குழல் முடிந்துவிடும். தேன்குழலுக்கு அப்படி ஒரு வெண்மை அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. அதில் கணிசமான பங்கு அந்தக் குழந்தையின் வயிற்றுக்குள் போனது வேறு கணக்கு.

ஆனால் நூறு பேர் தங்கிக் கல்யாணம் நடத்திய வீட்டில் கழிப்பறை இரண்டுதான், இரண்டும் பின்கட்டில். மூன்று வேளைச் சமையல் என் தலையில். வழக்கமாக அவரவர் வீட்டில் காலையில் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள். அதைவிட முக்கியமானது இன்னொன்று: ஆறு பேர் ஓரிடத்தில் இருந்தால் ஆறு பேர் வேலை நடக்கும். ஒரு நாளைக்குப் 18 கிலோ வந்தது. விற்றது ஏழு, எட்டு கிலோ. கல்யாணச் சீர் நின்றுபோய், வெளிநாட்டு விமானங்களும் நின்றுபோய், மிச்சமிருந்தது உள்ளூர்த் தெருக்களும் சென்னைக்குப் போன சில பெட்டிகளும்தான். விற்காவிட்டாலும் சாப்பாட்டுச் செலவு குறையாது. இரவு தூங்கும்போது யாராவது இருமினால் ஏழு பேரும் விழித்துக்கொள்வோம். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் வீடு முழுவதையும் அடைத்துவிடுவார்கள், தொழில் முழுவதும் அதற்குள் இருக்கும்.

பத்தொன்பதாம் நாள் ஒருத்தியின் மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனது. அவள் போனாள். போனவளைத் திரும்ப உள்ளே விட மற்றவர்களுக்கு மனம் இல்லை. “அவளுக்கு இன்று, எனக்கு நாளை” என்று ஒவ்வொருத்தியாக மூட்டை கட்டினார்கள். நான் தடுக்கவில்லை.

மே முதல் வாரத்தில் ஐந்து அடுப்பு ஏற்பாடு தொடங்கியது. கோட்டையூரிலேயே நடக்கும் தூரத்தில் இருந்த ஐந்து வீடுகள். நாள் கூலி போய், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. மாவு, எண்ணெய், விறகு என்னுடையது. கையும் அடுப்பும் அவர்களுடையவை. சைக்கிளில் நானே கொண்டுபோய்க் கொடுத்து நானே எடுத்து வந்தேன். வழியில் ஒரு காவலர் நிறுத்தி, “முறுக்கு அத்தியாவசியப் பொருளா?” என்று கேட்டார். பட்டியலில் உணவுப் பொருள் என்று இருந்ததைக் காட்டினேன். சிரித்துவிட்டு அனுப்பினார், ஒரு பொட்டலமும் கேட்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

சரக்கு வரத்து நான் பயந்த அளவுக்குப் பிரச்சினை செய்யவில்லை. பச்சரிசிக்குப் புதுவயல் ஆலைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. கடலை எண்ணெய் செக்கிலிருந்து வந்தது. விறகுக்குச் சீமைக் கருவேலம் இருக்க என்ன குறை? வீட்டுச் சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதால் விறகுதான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். மாவு மில் மட்டும் படுத்தியது. ஏப்ரலில் கடைகள் ஒரு மணிக்கு மூடியபோது மில்லில் வரிசை தெருமுனை வரை நின்றது. மே 4-க்குப் பிறகு ஐந்து மணி வரை என்றானதும் மூச்சு விட்டோம்.

எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. மாவைப் பிசைந்து கொடுக்கக் கூடாது. அக்கினி நட்சத்திர வெயிலில் இரண்டு மணி நேரத்தில் புளிக்கிறது. உலர்ந்த மாவாகக் கொடுத்து அங்கேயே பிசையச் சொல்ல வேண்டும். அதிரசம் இதற்கென்றே பிறந்த பலகாரம்: பாகில் போட்ட மாவு நாலைந்து நாள் இருந்தால்தான் பக்குவமே வரும், எந்த வீட்டுக்கும் பயணம் போகும். சீப்புச் சீடையில் தேங்காய்ப்பால் சேருகிறது, தாங்காது, நிறுத்திவிட்டேன். மாவுருண்டைக்கு எண்ணெயே வேண்டாம், அதை நானே உருட்டினேன்.

இனி எண்ணெய்.

சாதாரண நாளில் சென்னைப் பெட்டி இரவு ஆம்னி பஸ்ஸில் ஏறினால் விடிந்ததும் கையில் இருக்கும். பலகாரம் மூன்றாம் நாள் முடிந்துவிடும். அந்த வேகம் பல குறைகளை மறைத்துவிடும். ஊரடங்கில் பஸ் இல்லை. காய்கறி வண்டி, மருந்து வண்டி என்று கிடைத்ததில் ஏற்றினோம். போய்ச் சேர ஒரு வாரம், சில சமயம் பத்து நாள். வாங்கியவர்களும் “மறுபடி எப்போது வருமோ” என்று பத்திரப்படுத்தி வைத்துத் தின்றார்கள். ஆக மூன்று நாள் தாங்க வேண்டியது மூன்று வாரம் தாங்க வேண்டியதாயிற்று.

ஐந்து வீடுகளில் சுட்ட முதல் வாரச் சரக்கில் ஒரு பெட்டி பதினோராம் நாள் தாம்பரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. திறந்ததும் சிக்கு வாடை என்று அந்த அம்மாள் தொலைபேசியில் சொன்னார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதே நாளில் அதே மாவில் வேறு வீட்டில் சுட்டது கெடாமல் இருந்தது. மாவில் குறை இல்லை. ஒரு வீட்டில் முந்தின நாள் எண்ணெயில் புதிய எண்ணெயை ஊற்றிச் சுட்டிருக்கிறாள். கெட்ட எண்ணம் இல்லை. எந்த வீட்டில்தான் அப்படிச் செய்யவில்லை? எண்ணெயைக் கீழே கொட்ட நம் பெண்களுக்குக் கை வராது. பொரித்த எண்ணெயில் கெட்டுப்போன சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதியே இருக்கிறது. அதை அளக்கும் கருவி என்னிடம் இல்லை. மூக்கும் கண்ணும்தான்.

எனவே அன்றன்றைக்கு வேண்டிய எண்ணெயைத் தூக்குச்சட்டியில் அளந்து கொடுத்து, மாலையில் மிச்சத்தைத் திரும்ப வாங்குவது என்று முடிவு செய்தேன். முதல் நாளே முகம் வாடிவிட்டது. “நாங்கள் திருடுவோம் என்று நினைக்கிறீர்களா அக்கா?” என்று ஒருத்தி கேட்டேவிட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. அன்றிரவு யோசித்து, மறுநாள் திட்டத்தை மாற்றினேன்: திரும்ப வரும் எண்ணெய்க்கு லிட்டருக்கு 50 ரூபாய் நான் கொடுப்பேன். அதற்குப் பிறகு யாரும் எதையும் கேட்கவில்லை. கேனோடு வாசலில் காத்திருந்தார்கள். பழைய எண்ணெயைச் சோப்புக் காய்ச்சுகிறவர் ஒருவர் எடுத்துக்கொண்டார். ஐம்பதும் தேறவில்லை, நஷ்டம்தான். அந்த நஷ்டத்தைச் சரக்குக் கெடாமல் இருப்பதற்கான செலவாக எழுதிக்கொண்டேன்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒரு பலன் இருந்தது. திரும்பி வரும் அளவே அடுப்பைப் பற்றிச் சொல்லிவிடும். என் கையில் ஒரு கிலோ தேன்குழல் மாவு ஏறத்தாழ 300 மில்லி எண்ணெய் குடிக்கும். ஒரு வீட்டிலிருந்து இந்தக் கணக்குப்படி மிஞ்ச வேண்டியதைவிடக் குறைவாகத் திரும்பி வந்தால் தீ மந்தம், பலகாரம் எண்ணெய் குடித்திருக்கிறது என்று பொருள். அந்தச் சரக்கைச் சென்னைக்கு அனுப்பாமல் உள்ளூரில் அன்றே விற்றுவிடுவேன். வழக்கத்தைவிட அதிகமாகத் திரும்பினால் வீட்டு எண்ணெய் கலந்திருக்கலாம், நிறத்தைப் பார்ப்பேன். ஐந்து வீட்டிலும் போய் உட்கார்ந்து கண்காணிக்க முடியாத எனக்கு ஐந்து கேன்கள் தகவல் சொல்லின. அதற்குப் பிறகு ஆகஸ்ட் முடிய ஒரு பெட்டிகூடச் சிக்கு வாடை என்று திரும்பவில்லை. ஜூலையில் ஒரு தெருவைத் தகரம் அடித்து மூடியபோது அந்த ஒரு வீடுதான் நின்றது, மற்ற நான்கும் ஓடின. ஒரே கூரையாக இருந்திருந்தால் எல்லாம் நின்றிருக்கும்.

இனி என் பக்கத்துக் குறைகள். உணவுப் பாதுகாப்புப் பதிவு என் இடத்துக்குத்தான் இருந்தது, அந்த ஐந்து வீடுகளுக்கு இல்லை. அப்போது அதை நான் யோசிக்கவே இல்லை, யோசித்திருக்க வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருந்த சிறு தொழிலுக்கு அப்போது ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம், அவ்வளவுதான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பதிவை முதலில் செய்துவிடுங்கள். அடுத்தது, பாகு ஊற்றும் மனகோலம் போன்றவற்றை வீட்டுக்குக் கொடுத்து நான் பார்க்கவில்லை. அதில் என் எண்ணெய்க் கணக்கு செல்லுமா என்று கேட்காதீர்கள். ஐந்து வீடு வரை என் சைக்கிள் தாங்கியது. பத்து வீடு என்றால் இன்னொரு ஆள் வேண்டும், கணக்கே மாறிவிடும்.

2021 மே மாதத்தை வைத்து என்னை மடக்கலாம். 24-ஆம் தேதி முதல் தளர்வே இல்லாத ஊரடங்கு; மளிகைக் கடைகளும் மூடின, வண்டியில்தான் சாமான் வந்தது. அன்றன்றைக்கு அரைத்துக் கொடுக்கும் என் முறைக்கு மில் இல்லாமல் உயிர் இல்லை. ஒரே கூரையில் மாதச் சரக்கை அடுக்கி வைத்திருந்தால் அந்த இரண்டு வாரமும் வேலை நடந்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மே மாதத்தில் யார் யாரோடு தங்குவது? ஐந்து வீட்டில் மூன்றில் காய்ச்சல். பூட்டிவிட்டேன். இப்போது இரண்டு வாரத்துக்கான வறுத்த மாவு தகர டின்னில் எப்போதும் இருக்கிறது. மாதம் ஒருமுறை வெயிலில் காயவைத்து, வண்டு பார்த்து, பழையதை முதலில் எடுக்க வேண்டும். அந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை, செய்கிறேன்.

2020 செப்டம்பரில் மாவட்டங்களுக்கு இடையே பஸ் ஓடத் தொடங்கியதும் அரிமளத்துப் பெண்கள் இருவரும் வந்து சேர்ந்தார்கள். வீட்டில் சுட்டவர்களில் மூவர் பழையபடி இரண்டாம் கட்டுக்கு வந்துவிட்டார்கள். இருவர் வரவில்லை. குழந்தையையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே சுடுகிறார்கள், அவரவர் பெயரில் பதிவும் எடுத்துவிட்டார்கள். காலை ஏழு மணிக்கு இரண்டு தூக்குச்சட்டி போகிறது, மாலையில் இரண்டு கேன் வருகிறது. லிட்டருக்கு இப்போது 60 ரூபாய் கேட்கிறார்கள்.