முந்திரி விற்க ஹேஷ்டேக்: கடலூரிலிருந்து ஓர் அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தே முந்திரிப் பருப்பு விற்கிறேன். சரக்கு, பண்ருட்டி பக்கத்துக் காடாம்புலியூரில் உறவினர் நடத்தும் முந்திரி கம்பெனியிலிருந்து வருகிறது. கடை கிடையாது, போர்டு கிடையாது. இன்ஸ்டாகிராமில் படம் போடுவேன், வாட்ஸ்அப்பில் ஆர்டர் வரும், கொரியரில் அனுப்புவேன். கொரோனா காலத்தில் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. இத்தனை வருடமாக ஹேஷ்டேக்கை விதவிதமாகப் போட்டுப் பார்த்ததில் எது ஆர்டர் கொண்டுவந்தது, எது லைக்கோடு நின்றுவிட்டது என்பதை இங்கே எழுதுகிறேன். புதிதாகத் தொழில் தொடங்கும் பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் விஷயம் இது.

முன்பெல்லாம் இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவுக்கு 30 ஹேஷ்டேக் வரை போடலாம். உணவு, ஆரோக்கியம், தமிழ்நாடு, வைரல் என்று முப்பதையும் நிரப்பி சில மாதம் ஓட்டினேன். லைக் வந்தது. கூடவே, ‘உங்கள் பக்கத்தை புரமோட் செய்து தருகிறோம்’ என்று முகம் தெரியாதவர்களின் மெசேஜும் வந்தது. கால் கிலோ வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள் மிகவும் குறைவு. அவ்வளவு பெரிய டேக்கில் நம் படம் வந்த வேகத்தில் கீழே போய்விடும். அந்த நேரத்தில் பார்க்கிறவரும் முந்திரி தேடி வந்தவர் இல்லை.

ஆர்டர் கொண்டுவந்தது #பண்ருட்டிமுந்திரி. அந்த டேக்கைத் தொடுகிறவருக்குப் பண்ருட்டி பருப்பின் ருசி ஏற்கெனவே தெரியும். வாங்கும் எண்ணத்தோடுதான் வருவார். மெசேஜும் நேராக இருக்கும்: “அக்கா, ரேட் என்ன? பெங்களூருக்கு அனுப்புவீங்களா?” இதில் கவனிக்க வேண்டியது எழுத்துக்கூட்டு. நம் ஆட்களில் பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். பண்ருட்டிக்கு ஒரு ‘டி’ போடுபவரும் உண்டு, இரண்டு போடுபவரும் உண்டு. முந்திரியில் ‘எச்’ போட்டும் எழுதுகிறார்கள், போடாமலும் எழுதுகிறார்கள். அதனால் தமிழில் ஒன்று, ஆங்கில எழுத்தில் அதிகம் புழங்கும் வடிவங்களில் ஒன்றிரண்டு என்று போட்டுவிடுவேன்.

அப்புறம் தரம். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 300 முதல் 320 முழுப் பருப்பு நிற்கும். எண் குறையக் குறையப் பருப்பு பெரிது. டபிள்யூ 180 கையில் எடுத்தாலே கனமாகத் தெரியும். ஸ்வீட் ஸ்டால் வைத்திருப்பவர்கள் இந்த எண்ணைச் சொல்லித்தான் தேடுகிறார்கள். வீட்டுக்கு வாங்குபவர்களுக்கு அந்த எண்ணே தெரியாது, “முழுசா, உடைச்சதா?” என்றுதான் கேட்பார்கள். கேசரிக்கும் பாயசத்துக்கும் அரைப் பருப்பே போதும், விலையும் குறைவு. இரண்டு தரப்புக்கும் ஒரே பதிவு போட்டால் ஒருவருக்கும் சரியாகப் போய்ச் சேருவதில்லை. எனவே, மொத்த வியாபாரத்துக்குத் தர எண் போட்ட பதிவு தனி, சமையலுக்கான பதிவு தனி.

பக்கத்து ஊர்தானே என்று #பாண்டிச்சேரி, #புதுச்சேரி இரண்டும் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் சுவர், கடற்கரை, காபிக் கடைப் படங்களுக்கு நடுவே முந்திரி யார் கண்ணிலும் படவில்லை. சுற்றுலா அறை வாடகைக்கு விடுபவர்களுக்கு அவை உதவலாம், எனக்கு உதவவில்லை.

இடையில் இன்ஸ்டாகிராமும் மாறிவிட்டது. மூன்று முதல் ஐந்து டேக் போதும் என்று 2021-லேயே அவர்களே சொன்னார்கள். ஹேஷ்டேக்கைப் பின்தொடரும் வசதி 2017 இறுதியில் வந்தது, 2024 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். ஹேஷ்டேக் போடுவதால் ரீச், அதாவது பதிவைப் பார்ப்பவர்களின் எண்ணிக்கை, பெரிதாக அதிகரிக்காது என்று இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரியே பலமுறை சொல்லியிருக்கிறார். என் அனுபவமும் அதுதான். இப்போது படத்துக்குக் கீழே எழுதும் முதல் வரிக்கு டேக்கைவிட அதிகம் மெனக்கெடுகிறேன். ‘பண்ருட்டி முந்திரி, அரை கிலோ பாக்கெட், தமிழ்நாடு முழுக்க கொரியர்’ என்று ஒரு வாடிக்கையாளர் தேடும் சொற்களிலேயே எழுதுகிறேன்.

எனக்கு அதிகம் பேரைக் கொண்டுவந்த பதிவு ஒரு வீடியோ. கம்பெனியில் ஓர் அம்மா கொட்டை உடைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்தேன். தோலில் உள்ள எண்ணெய் பட்டால் கை பொத்துப்போகும்; விரலைச் சாம்பலில் தொட்டுத் தொட்டு, பருப்பு உடையாமல் எடுப்பார். அதற்குப் போட்டது மூன்றே டேக். “இவ்வளவு வேலையா இதில்?” என்று கேட்டவர்கள் அதற்குப் பிறகு விலையில் பேரம் பேசவில்லை. எந்த டேக்கும் அந்தக் கைகள் செய்ததைச் செய்திருக்காது.

#கடலூர் டேக்கில் உள்ளூர் ஆர்டர் வரும். திருப்பாதிரிப்புலியூர், ஓ.டி. (ஓல்டு டவுன்) பக்கம் என்றால் வண்டியில் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன், கொரியர் செலவு மிச்சம். ஆனால் மழைக்காலத்தில் அதில் விற்பனைப் பதிவு போடவே மாட்டேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் பெருகி வந்தபோது, எந்தச் சாலை அடைபட்டிருக்கிறது, எங்கே சாப்பாடு கிடைக்கும் என்று ஜனங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத்தான் தேடினார்கள். அந்த இடத்தில் நம் ஆஃபரைத் திணிப்பது தப்பு. வியாபாரம் ஒரு வாரம் நின்றால் நிற்கட்டும்.

என் கடைப் பெயரில் ஒரு டேக் வைத்து அதை பாக்கெட் ஸ்டிக்கரிலும் அச்சடித்திருக்கிறேன். வாங்கியவர்கள் கேசரி செய்து படம் போடும்போது அதைச் சேர்த்தால் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். புதிதாக வருபவர்களிடம் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுகிறேன். சொந்த டேக் வைப்பதற்கு முன், அதே பெயரில் வேறு யாராவது ஏற்கெனவே ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்துவிடுங்கள். நடுவில் இடைவெளியோ சிறு கோடோ வந்தால் டேக் அங்கேயே அறுந்துவிடும், சொற்களைச் சேர்த்தே எழுதுங்கள். இன்னொன்று: அக்கவுண்ட் பிரைவேட்டாக இருந்தால் எந்த டேக் போட்டாலும் பதிவு அந்த டேக் பக்கத்தில் வராது. தெரிந்த பெண் ஒருவர், டேக் வேலை செய்யவில்லை என்று புலம்பியபோது போனை வாங்கிப் பார்த்தேன். பிரைவேட்டில்தான் இருந்தது.