ஐந்து வருடமாக எங்கள் வீட்டு மஞ்சள் விழுது

முழங்கால் நோவில் தொடங்கிய கதை இது. வீடு மட்டக்களப்புக் கல்லடியில், படிப்பிக்கும் பள்ளிக்கூடம் வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில். காலையும் மாலையும் மோட்டார் சைக்கிள், இடையில் நாள் முழுக்க நின்றபடி பாடம். 2020 கடைசியில் வலது முழங்கால் படி ஏறும்போதெல்லாம் முனகத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து யாரோ போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினார்கள். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி மஞ்சள்தூள், தண்ணீர், தேங்காய் எண்ணெய், மிளகு நான்கையும் அடுப்பில் கிண்டிப் போத்தலில் அடைத்து, 'தங்க விழுது' என்று பெயரும் வைத்து, தினம் ஒரு கரண்டி சாப்பிட்டால் மூட்டு நோவெல்லாம் பறந்துவிடும் என்றாள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் கட்டினால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். ஆகவே என் பரிசோதனை எல்லாம் மாமியின் குசினியில், மாமியின் கண்முன்னால்தான். வீடியோவைக் காட்டினேன். முழுதாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது பிள்ளைப்பெத்த வீட்டில அரைக்கிற சரக்குத்தானே மருமகன். எண்ணெய்ய விட்டுக் கிண்டினா பேரு மாறிடுமா?"

அவர் சொன்னதில் பாதி சரி. பிரசவ வீட்டுச் சரக்கில் மஞ்சளும் மிளகும் இருக்கும். கூடவே வேர்க்கொம்பு, சின்னச் சீரகம், கொத்தமல்லி, உள்ளி எல்லாம் சேரும். ஆனால் அதை அன்றன்று அம்மியில் அரைத்து அன்றே கறியாக்கி முடித்துவிடுவார்கள். அரைத்ததைப் போத்தலில் போட்டு வாரக்கணக்கில் வைத்திருப்பது என்பது வேறு வேலை. அந்த வேலையைப் படிக்கத்தான் எனக்கு இரண்டு வருடம் போனது.

முதல் முறை கடையில் வாங்கிய தூளில் செய்தேன். அது மஞ்சள் இறக்குமதி நின்றிருந்த காலம் என்பது ஞாபகம் இருக்கும். கிலோ 5000 ரூபாயைத் தொட்டது. ஐம்பது கிராம் பைக்கட்டைக் கைக்குழந்தை போல வீட்டுக்குக் கொண்டுவந்து, தண்ணீர் விட்டு அடுப்பில் வைத்தேன். இரண்டு நிமிடத்தில் அது கூழாகிவிட்டது. சுவரில் நோட்டீஸ் ஒட்டலாம். மஞ்சள்தூளிலும் மாச்சத்து உண்டு, கொதித்தால் கொஞ்சம் தடிக்கும், அது இயல்பு. ஆனால் இது அகப்பையில் இழுபட்டது, மணமும் இல்லை. மாமி விரலில் தொட்டு நாக்கில் வைத்து "அரிசிமா" என்று ஒரே சொல்லில் முடித்தார். எந்தக் கடை என்பது இப்போது தேவையில்லை. அந்த வருடம் தூளில் மா கலந்து விற்றது ஒரு கடை மட்டுமல்ல.

அதனால்தான் நாமே நட்டால் என்ன என்று தோன்றியது. அம்பாறைப் பக்கமிருந்து வந்து எங்கள் பள்ளியில் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் ஒரு பை விதைக்கிழங்கு தந்தார். 2021 சித்திரையில் எட்டு உரப்பைகளில் மணலும் மாட்டெருவும் சமமாகக் கலந்து நட்டேன். கிணற்றடி, பாதி நிழல், ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். வேறு பெரிய பராமரிப்பு இல்லை. மார்கழியில் இலை பழுக்கத் தொடங்கும். தைப்பொங்கலுக்குப் பானையில் கட்ட இரண்டு செடியைப் பிடுங்கிக்கொண்டு, மீதியை இலை முழுதாகக் காய்ந்த பிறகு கிண்டி எடுத்தோம். எட்டுப் பையில் ஏறத்தாழ ஆறு கிலோ. எங்கள் வீட்டுக்கு அது போதும் போதும் என்று இருந்தது.

இப்போது செய்யும் முறையைச் சொல்கிறேன். பல தடவை மாற்றி மாற்றி வந்து நின்ற இடம் இது.

பச்சை மஞ்சள் 250 கிராம். மண் போகப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். கணுவுக்குள் மண் இருந்தால் பிறகு பல்லில் நறநறக்கும். தோல் சீவத் தேவையில்லை. முழுதாகவே இருபது நிமிடம் இடியப்பத் தட்டில் வைத்து அவித்து, துணியில் ஒற்றி, மெல்லிதாக வெட்டி, அரைபடும் அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்து கிரைண்டரில் அரைக்கிறேன். அம்மியில் அரைத்தால் விழுது இன்னும் மசியும் என்பது மாமியின் கட்சி. உண்மைதான். ஆனால் என் தோளும் முழங்காலோடு சேர்ந்து முனகும்.

பிறகு தாச்சியில் தேங்காய் எண்ணெய் 75 மில்லி, அதில் விழுது, ஒரு தேக்கரண்டி உப்பு. நெருப்பு மெல்லிதாக. இருபத்தைந்து நிமிடம் பக்கத்திலேயே நின்று கிண்ட வேண்டும். முதலில் வெடித்துத் தெறிக்கும். பிறகு சத்தம் அடங்கும், பச்சை மணம் போய் ஒருவிதமான மண்வாசம் வரும். விழுது ஓரத்தை விட்டு விலகி எண்ணெய் பிரிந்து நின்றால் ஆயிற்று. இந்தச் சத்தம் அடங்குவதுதான் முக்கியம். தெறிப்பது எல்லாம் தண்ணீர். பச்சைக் கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். அதை எவ்வளவு வெளியேற்றுகிறோமோ அவ்வளவு நாள் விழுது நிற்கும். இறக்கியபின் அப்போதுதான் இடித்த மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி. மிளகை முதலிலேயே போட்டால் மணம் முழுதும் புகையோடு போய்விடும்.

தூளில் செய்வோருக்கு: 60 கிராம் தூளுக்கு ஒரு கப் தண்ணீர், ஏழெட்டு நிமிடம் கிண்டித் தடித்தபின் அதே அளவு எண்ணெயும் மிளகும். வேலை குறைவு. சுவையும் குறைவு.

கொதிநீரில் போட்டெடுத்துக் காயவைத்த கண்ணாடிப் போத்தல், பிரிட்ஜ், உலர்ந்த கரண்டி. இந்த மூன்றில் ஒன்று பிழைத்தாலும் போச்சு. எனக்கு முதலில் பிழைத்தது கரண்டி. தேநீர் கலக்கிய ஈரக்கரண்டியை உள்ளே விட்டேன், ஐந்தாம் நாள் மேலே சாம்பல் நிறத்தில் பூசணம். இப்போது இரண்டு வாரத்துக்கு உரியதை மட்டும் போத்தலில் வைத்து, மீதியை ஐஸ் தட்டில் கட்டியாக்கி பிரீசரிலேயே வைக்கிறேன். மூன்று மாதம் பிரச்சினை இல்லை. மேலே எண்ணெய் நின்றால் வெளியிலும் கெடாது என்று சிலர் சொல்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். காற்றில்லாத இடத்தில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும் கிருமியும் உண்டு, அது மணத்திலோ நிறத்திலோ காட்டிக்கொடுக்காது. என் மனைவி தாதி. பச்சை உள்ளியை எண்ணெயில் போட்டு வெளியே வைக்கப் போன என்னை இந்த ஒரு காரணத்தைச் சொல்லித்தான் தடுத்தார்.

இரண்டாவது பெரிய நட்டம் 2022 பங்குனியில். முதல் அறுவடைக் கிழங்கில் பாதியை ஒரே தடவையில் விழுதாக்கி பிரிட்ஜை நிரப்பியிருந்தேன். அப்போது வந்த கரண்ட் வெட்டு யாருக்கும் மறக்காது. மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம். ஐஸ் கட்டி உருகி, இறுகி, திரும்ப உருகி, நான்கு போத்தலையும் வாழையடியில் கொட்டினேன். மாமி ஒன்றும் சொல்லவில்லை. அம்மியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார், அவ்வளவுதான்.

சரி, முழங்கால்?

ஒரு வருடத்துக்கு மேல் தினமும் இரவு இளஞ்சூட்டுப் பாலில் ஒரு தேக்கரண்டி போட்டுக் குடித்தேன். நோவு குறைந்தது போலத்தான் இருந்தது. பிறகு விழுது போனது, பெற்றோலும் போனது. வரிசையில் நின்று களைத்து, மச்சானின் பழைய சைக்கிளைத் திருத்தி, கல்லடிப் பாலம் ஏறி, டவுனைத் தாண்டி, வலையிறவுப் பாலத்தால் வவுணதீவுப் பக்கம் மிதித்தேன். ஆறு மாதம். விழுது ஒரு கரண்டியும் இல்லை. முழங்கால் நோவு அந்த ஆறு மாதத்தில் குறைந்ததுபோல அதற்கு முன்னும் குறையவில்லை, பின்னும் இல்லை. எடை ஐந்து கிலோ இறங்கியிருந்தது. இதற்குமேல் விழுதுக்குப் பெருமை சொல்ல என் வாய் வரவில்லை.

கணக்கும் அப்படித்தான் சொல்கிறது. மிளகு சேர்த்தால் மஞ்சளின் சத்து 20 மடங்கு உடம்பில் சேரும் என்று எல்லோரும் சொல்வது 1998 இல் வெளிவந்த, பெங்களூரில் செய்த ஒரு ஆய்வை வைத்து. அதில் கொடுத்தது 2 கிராம் குர்குமினும் (மஞ்சளின் அந்தச் சத்து) 20 மில்லிகிராம் பைப்பரினும் (மிளகின் காரச்சத்து). பைப்பரின் பெரிய விடயமில்லை, ஒரு சிட்டிகை மிளகில் வந்துவிடும். ஆனால் காய்ந்த மஞ்சளிலேயே குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்களவுதான். 250 கிராம் பச்சைக் கிழங்கு காய்ந்தால் ஏறத்தாழ 50 கிராம். அதில் ஒன்றரைக் கிராம் குர்குமின். அதாவது நான் கிண்டிய விழுது முழுவதையும் ஒரே மூச்சில் விழுங்கினாலும் அந்த ஆய்வின் ஒரு வேளை அளவு வராது. நானோ அதில் ஒரு தேக்கரண்டியைப் பாலில் கலக்கிவிட்டு நோவு போகும் என்று காத்திருந்தேன்.

அதற்காக மருந்துக்குணம் இல்லாதது, யாரும் எவ்வளவும் தின்னலாம் என்றும் இல்லை. மாமா இதய நோய்க்கு இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் எடுப்பவர். அவருடைய பாலிலும் ஒரு கரண்டி போடப் போனேன், மனைவி கையைப் பிடித்தார். கறியில் விழும் மஞ்சள் வேறு, தினம் கரண்டிக் கணக்கில் தின்பது வேறு. அந்த மருந்தோடு சேர்ந்தால் இரத்தக்கசிவு கூடலாம் என்றார். பித்தப்பையில் கல் இருப்பவருக்கும் கூடாது. சிறுநீரகக் கல் உள்ள நண்பர் ஒருவர் ஒரு போத்தல் கேட்டார். சிறுநீரகத்தில் கல்லாகப் படியக்கூடிய ஒட்சலேட்டு மஞ்சளில் கூட என்பதால் அவருக்குக் கொடுக்கவில்லை. இன்னும் கோபமாக இருக்கிறார்.

பிறகு ஏன் ஐந்து வருடமாகக் கிண்டுகிறேன் என்றால், கறிக்காக. மனைவிக்கு இரவு வேலை உள்ள நாட்களில் சமையல் என் பொறுப்பு. பள்ளியால் வந்து மீன் வெட்டி, அரைக்கரண்டி விழுதும் உப்பும் புரட்டி வைத்துவிட்டுக் குளித்து வந்தால் பொரிக்கத் தயார். தூள் தடவினால் பொரிக்கும்போது எண்ணெயில் உதிர்ந்து கருகும், விழுது மீனோடு ஒட்டி நிற்கும். கீரிமீனுக்கும் பாரைக்கும் நன்று. வாவி மீனின் சேற்று மணத்துக்கு இதைவிட நல்லதை நான் காணவில்லை. பால்சொதிக்கு இறக்குமுன் கால் கரண்டி போதும். நிறம் தூளைவிட ஆழமாக, கொஞ்சம் செம்மஞ்சளாக வரும். பருப்புக்குத் தாளிக்கும்போது போடலாம். கணவாய்க்கு மட்டும் சரிவரவில்லை. அது விடும் தண்ணீரில் மிளகு மணம் தனியாகத் தூக்கி நிற்கிறது. இறைச்சிக்குப் போட்டும் வித்தியாசம் தெரியவில்லை, மற்றச் சரக்குகளுக்குள் அமுங்கிவிடும்.

கறையைப் பற்றிச் சொல்லாவிட்டால் குறை. ஒருநாள் மனைவியின் வெள்ளைச் சீருடையின் கையில் ஒரு சொட்டுத் தெறித்துவிட்டது. பதறிப்போய்ச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் அப்படியே இரத்தச் சிவப்பாக மாறியது. மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும். ஆரத்திக்குச் சுண்ணாம்பு கலக்கும்போது நடப்பதுதான். அந்த நேரத்தில் ஆரத்தி ஞாபகம் வரவில்லை, மனைவியின் முகம்தான் வந்தது. பிறகு நன்றாக அலசி வெயிலில் போட்டேன். மஞ்சள் நிறத்துக்கு வெயில் ஆகாது. இரண்டு நாள் மட்டக்களப்பு வெயிலில் கறை இருந்த இடமே தெரியவில்லை. பிளாஸ்டிக் கரண்டி, கிரைண்டர் மூடி எல்லாம் நிரந்தர மஞ்சள். விரலும் இரண்டு நாளைக்கு அப்படித்தான். "சேர், கையில என்ன?" என்று நாலாம் ஆண்டுப் பிள்ளைகள் திங்கட்கிழமைகளில் கேட்பார்கள்.

2024 நவம்பர் மழையில் எட்டுப் பையும் மூன்று நாள் வெள்ளத்தில் நின்றன. வடிந்தபிறகு தோண்டினால் ஐந்து பையில் கிழங்கு அழுகிக் கொழகொழத்துப் போயிருந்தது. தப்பிய மூன்றையும் விதைக்கு வைத்தோம். அடுத்த வருடம் முழுக்கத் தூளில்தான் செய்தேன். கட்டை மஞ்சளாக வாங்கி, மில்லில் கண்முன்னால் அரைத்து. பரவாயில்லை, ஆனால் அந்த மண்வாசம் வரவில்லை. கடந்த சித்திரையில் நட்டபோது பைகளை இரண்டு கல் உயரத்தில் ஏற்றி வைத்தேன். இந்தத் தையில் நாலரைக் கிலோ வந்தது.

நேற்று அதில் முதல் விழுது கிண்டினேன். மாமி வந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் வேர்க்கொம்பும் சின்னச் சீரகமும் இடித்துக் கொண்டுவந்து தாச்சியின் ஒரு ஓரத்தில் மட்டும் போட்டுக் கலந்து, தன் போத்தலில் தனியாக எடுத்துக்கொண்டார். மத்தியானம் அவர் வைத்த மீன் ஆணம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது.