ஸ்பைரலா, தையலா, தனித்தாளா, டேப்லெட்டா?

ஸ்கெட்ச்புக் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது காகிதத்தின் தடிமனை. அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது தாள்கள் எப்படிச் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதை. பொழுதுபோக்காக வரைகிறவருக்கு ஸ்கெட்ச்புக்கின் உண்மையான பயன், சொதப்பிய பக்கமும் தேறிய பக்கமும் ஒரே நோட்டில் வரிசை குலையாமல் கிடப்பதில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் வரைந்த கையையும் இன்று வரைந்த கையையும் புரட்டிப் பார்த்தால்தான், கட்டைவிரலை ஒவ்வொரு முறையும் குட்டையாகப் போடுகிறோம் என்பது கண்ணில் படும். கிழித்தெறிய வசதி செய்து தரும் நோட்டு அந்தப் பயனைக் கெடுத்துவிடுகிறது. தலைப்பில் உள்ள நான்கையும் முக்கியமாக இந்த அளவுகோலால்தான் பார்க்கிறோம்.

ஸ்பைரலும் தையலும்

ஸ்பைரல் நோட்டை முழுக்கப் பின்னால் மடக்கிவிடலாம். நின்றபடி ஒரு கையில் பிடித்து வரைய இதைவிட வசதியானது இல்லை. பின்னட்டை தடிமனாக இருந்தால் தனியாகப் பலகை தேவையில்லை. இலை, டிக்கெட், துணித்துண்டு என எதை ஒட்டினாலும் கம்பிக்குள் இடம் இருக்கும்வரை முதுகு பிளக்காது.

தொல்லைகளும் அதே கம்பியிலிருந்துதான் வருகின்றன. துளைகள் கம்பியைவிடப் பெரியவை என்பதால் ஒவ்வொரு தாளும் தனித்தனியே அசைந்துகொண்டிருக்கும். பையில் போட்டுக்கொண்டு நடந்தால் எதிரெதிர்ப் பக்கங்கள் உரசும். 4பி போன்ற மென்மையான, கருமையான பென்சிலில் அழுத்திப் போட்ட நிழல், சில நாளிலேயே எதிர்ப்பக்கத்தில் சாம்பல் மூட்டமாகப் படிந்திருக்கும். நோட்டை அகலமான ரப்பர் பேண்டால் இறுக்கி வைத்தால் பாதி குறையும். மீதிக்கு, பென்சில் பக்கங்களுக்கு நடுவே டிரேசிங் பேப்பர் வைக்க வேண்டும்.

அடுத்த தொல்லை கைக்கு. வலக்கையால் வரைகிறவருக்கு இடப்பக்கத்திலும், இடக்கைக்காரருக்கு வலப்பக்கத்திலும் உள்ளங்கை கம்பியின் மேல் ஏறி உட்காரும். வலக்கைக்காரர்கள் முதலில் வலப்பக்கங்களை மட்டும் கடைசிவரை வரைந்து முடித்துவிட்டு, நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்னாலிருந்து தொடங்கலாம். அப்போது கம்பி மறுபடியும் இடப்பக்கமே வந்துவிடும். இரண்டு கைக்காரருக்கும் பொருந்துவது, கம்பி மேல்விளிம்பில் உள்ள நோட்டு.

தையல் நோட்டில் தாள்கள் நகராது. அதனால் பென்சில் தீற்றல் குறைவு, இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படமாக வரையவும் முடியும். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விரியாது. அச்சகத்தில் பாரம் என்பார்களே, அப்படி மடித்த தாள்களின் கொத்துகளைச் சேர்த்துத்தான் நோட்டைத் தைக்கிறார்கள். பாரத்தின் நடுவில், நூல் தெரியும் இடத்தில், நோட்டு மேசையோடு மேசையாகப் படியும். இரண்டு பாரங்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அங்கே வண்ணம் தீட்டினால் தண்ணீர் அதற்குள் ஓடும். இரட்டைப் பக்கப் படத்துக்கு நூல் தெரியும் பக்கத்தைத் தேடிப் பிடியுங்கள்.

புது நோட்டின் முதுகை வலுக்கட்டாயமாக வளைக்கக் கூடாது. முதுகை மேசைமேல் வைத்து நோட்டைச் செங்குத்தாக நிறுத்துங்கள். முன்னாலிருந்து ஐந்தாறு தாள், பின்னாலிருந்து ஐந்தாறு தாள் என மாறி மாறிக் கீழே சாய்த்து, மடிப்பை விரலால் மென்மையாக நீவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். அதன்பின் முதுகு சீராக வளையும்.

தையல்போலத் தெரியும் பசை நோட்டிடம் எச்சரிக்கையாக இருங்கள். முதுகின் மேல்முனையை உற்றுப் பாருங்கள். சின்னச் சின்ன வளைவுகளாகத் தாள்கள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தால் பாரம் மடித்துக் கட்டியது. நேர்கோடாக வெட்டிய விளிம்பும் பசைப்பட்டையும் மட்டும் தெரிந்தால் ஒட்டியது. ஒட்டிய நோட்டை அகல விரித்து விரித்து வரைந்தால் பசை வெடித்துத் தாள்கள் உதிரும். ஸ்கெட்ச்புக்காக வாங்க அதற்கு ஒரு காரணமும் இல்லை.

கிழிக்கும் விஷயத்தில் தையல் தானாகவே காவல் காக்கிறது. ஒரு தாளைக் கிழித்தால் அதே பாரத்தில் அதன் மறுபாதியாக இருக்கும் தாளும் தளர்ந்துவிடும். அந்தப் பயத்திலேயே மோசமான பக்கங்கள் தப்பிப் பிழைக்கும். நம் தேர்வு தையல்தான். நின்றுகொண்டே அதிகம் வரைகிறவர்கள் மட்டும் ஸ்பைரலுக்குப் போகலாம்.

காகிதம்: எண்ணை மட்டும் நம்பாதீர்கள்

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் கிராம் எடை. பென்சிலுக்கு 100 போதும். பேனாவுக்கு 120 முதல் 150. மேலோட்டமாக ஒரு வாட்டர்கலர் பூச்சு வேண்டுமென்றால் 180 முதல் 200. தாராளமாகத் தண்ணீர் விட்டு விளையாட 300. நனைந்த நார்கள் உப்பி விரியும், நனையாத பகுதி விரியாது. காகிதம் நெளிவது அதனால்தான். 300-ம் கொஞ்சம் நெளியும்.

ஆனால் மை தகராறு செய்தால் உடனே ஜிஎஸ்எம்மைக் குறை சொல்லிவிட முடியாது. மறுபக்கத்திலிருந்து பார்க்கும்போது கோடு நிழலாகத் தெரிவது ஒன்று. காகிதம் மெலிது, அவ்வளவுதான். மை மறுபக்கத்துக்கே ஊறி வருவது இன்னொன்று. கோட்டின் ஓரத்தில் மயிர்க்கால்போல மை கிளை விட்டுப் பரவுவது முற்றிலும் வேறு: காகிதத்துக்குப் போட்ட கஞ்சிப் பூச்சு போதவில்லை என்று அர்த்தம். பூச்சு மோசமாக இருந்தால் 200 ஜிஎஸ்எம் தாளும் மையொற்றும் தாளாகத்தான் நடந்துகொள்ளும்.

நோட்டு கைக்கு வந்ததும் கடைசித் தாளைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். உங்களிடம் உள்ள ஒவ்வொரு பேனாவாலும் ஒரு வேகக் கோடும், பேனாவை இரண்டு விநாடி ஊன்றி ஒரு புள்ளியும் வையுங்கள். பக்கத்தில் பெரிய நாணய அளவுக்கு ஈரப்பூச்சு ஒன்று. இன்னொரு மூலையில் 2பி-யால் தீட்டி அதே இடத்தில் பத்து முறை ரப்பரால் தேயுங்கள். காய்ந்தபின் தாளைத் திருப்பிப் பாருங்கள். ஊன்றிய புள்ளி ஊறியிருந்தால் அந்தப் பேனாவை இந்த நோட்டில் தாளின் ஒரு பக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் தேய்த்த இடத்தில் பஞ்சு எழும்பியிருந்தால் அழித்து அழித்து வரைய இது ஆகாது.

அளவைப் பொறுத்தவரை ஏ5 போதும். ஒரு சதுர மீட்டரில் பதினாறு ஏ4 தாள் அடங்கும். ஆகவே 160 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 10 கிராம். அறுபது தாள் நோட்டு, அட்டை இல்லாமலே 600 கிராம். ஏ5 அதில் சரிபாதி. வீட்டிலேயே தங்கிவிடும் நோட்டு எவ்வளவு நல்ல காகிதமாக இருந்து என்ன?

பென்சிலா, பேனாவா?

பென்சில் என்றால் எச்பி, 2பி, 4பி மூன்றே போதும். 6பி அழகாகக் கருக்கும். மூடிய நோட்டுக்குள் அதுதான் அதிகம் அப்பும். பென்சில் அப்பாமல் பிடித்து வைக்கும் ஸ்ப்ரேயான ஃபிக்ஸட்டிவ் அடிப்பதானால் திறந்த வெளியில், 30 செ.மீ. தள்ளி, மெல்லிய இரண்டு பூச்சாக அடியுங்கள். கிட்டே வைத்து ஒரே பூச்சாக அடித்தால் ஈரத்திட்டு விழும். 1832-இல் மொராக்கோ போன பிரெஞ்சு ஓவியர் டெலாக்ருவா, பென்சில் கோடுகளுக்கு நடுவே வண்ணங்களின் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டார். வண்ணம் எடுத்துப் போகாத நாளில் இன்றைக்கும் உதவும் வழி அது.

பிக்மென்ட் லைனர், அதாவது நிறமித்துகள் மை கொண்ட மெல்லிய முனைப் பேனா, அப்பாது, காய்ந்தபின் தண்ணீருக்கும் கரையாது, அழிக்கவும் முடியாது. நாம் வைத்த அளவுகோலுக்குப் பேனாவே பொருத்தம். பேனாவில் போட்டிருக்கும் எண்ணில் மட்டும் ஏமாறாதீர்கள்: சகுரா பிக்மா மைக்ரான் என்ற லைனரில் 01 என்றால் கோடு 0.25 மி.மீ., 05 என்றால் 0.45. சொரசொரப்பான காகிதத்தில் அழுத்தி இழுத்தால் முனை சீக்கிரம் மழுங்கும். ஜெல் பேனா மெதுவாகக் காய்வதால் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு ஊர்வலம் போகும். சாதாரண பால்பாயின்ட்டை யாரும் மதிப்பதில்லை, ஆனால் அழுத்தத்துக்கு ஏற்ப வெளிறியும் கருத்தும் வருவதால் நிழல் போட அருமையானது. முனையில் திரளும் மையை அவ்வப்போது ஒரு துண்டுக் காகிதத்தில் துடைத்துக்கொண்டால் போதும்.

தனித்தாளும் டேப்லெட்டும்

நல்ல வாட்டர்கலர் காகிதம் வேண்டும், நோட்டாக வாங்கக் கட்டுப்படியாகாது என்பவர்களுக்குத் தனித்தாள் சரி. 56×76 செ.மீ. முழுத்தாளை எட்டாக வெட்டினால் 28×19 செ.மீ. துண்டுகள் கிடைக்கும். ஒரு கெட்டி அட்டையும் இரண்டு கிளிப்பும் இருந்தால் வேலை நடக்கும். வரிசை கலைவதுதான் இதன் நோய். வரைந்த உடனே பின்பக்கம் ஆண்டு, மாதம், வரிசை எண் எழுதிப் பெட்டியில் போடாவிட்டால், பிடித்த படங்கள் தங்கி மற்றவை தொலைந்துபோகும்.

டேப்லெட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தனித்தனியே வரைய லேயர் உண்டு, வண்ணத்துக்குப் பஞ்சமில்லை, கை அழுக்காகாது. வெயிலில் திரை பளபளக்கும், கண்ணாடியில் பேனா வழுக்கும். பெரிய சிக்கல், போட்ட கோட்டை நொடியில் நீக்கும் அன்டூவும் பெரிதாக்கிக் காட்டும் ஜூமும். ஒரு கண்ணை இருபது முறை அழித்து வரைந்து, முகம் முழுதும் கோணியதைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம். டேப்லெட்டைத்தான் ஸ்கெட்ச்புக்காக வைப்பதென்றால் ஏ5 அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது 1748×2480 பிக்சல் கேன்வாஸ் ஒன்றைத் திறந்து, ஒரே பிரஷ், ஒரே லேயர், ஜூம் இல்லை, அன்டூ இல்லை என்று கட்டுப்பாடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே மெல்லிய தாள் நோட்டு ஒன்று வாங்கிவிட்டவர்கள் அதை ஓரங்கட்ட வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு தாள்களை குளூ ஸ்டிக்கால் ஓரம்வரை ஒட்டி, மேலே கனமான புத்தகம் வைத்து ஓர் இரவு விட்டால், தடித்த ஒரே தாளாகிவிடும். தண்ணீர் கலந்த பசை வேண்டாம், தாளே நெளிந்துவிடும். இப்படி ஒன்றுவிட்டு ஒன்றாகப் பத்துத் தாள் ஒட்டிக்கொண்டால் பேனாவுக்கு அந்த நோட்டே போதும்.